அவித்துக் கழுவிய பாறை

கியூபெக்கின் வில்லரேயில் இருக்கிற நம் மீன்தொட்டிக் கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி முதலாளி கேட்டார். உப்பை எவ்வளவு கலப்பது, விளக்கை எவ்வளவு நேரம் எரிய விடுவது என்பதையெல்லாம் நீங்கள் கைபேசியில் பார்த்துவிடுவீர்கள். அதற்கு நான் தேவையில்லை. கடல்நீர்த் தொட்டிகளைப் பொருத்திக் கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பராமரித்து, முழங்கால் இரண்டையும் இந்தத் தொழிலுக்கே கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். இந்த நகரத்துத் தமிழர்கள் பலருக்கு என் பெயர் தெரியாது. மீனக்கா என்றால்தான் தெரியும். என்னிடம் ஒரு கதை இருக்கிறது. அது நல்ல கதை இல்லை. இருந்தாலும் ஒரு வீட்டுக்குள் பாறையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் நீங்கள் அதை வாசித்திருக்க வேண்டும்.

கடைக்கு வருகிறவர்களில் அநேகம் பேர் கேட்பது ஒன்றைத்தான்: அனிமோனுக்குள் கோமாளி மீன் புரள வேண்டும். அனிமோனுக்குத் தமிழில் கடற்சாமந்தி என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரை நம்பி ஏமாறாதீர்கள். அது பூ இல்லை, பிராணி. பிடிக்காவிட்டால் இடம் மாறும். லொங்குய்யில் ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பறையில் அது நகர்ந்து போய்த் தண்ணீர்ப் பம்பில் மாட்டி அரைபட்டுச் செத்தது. காலையில் கதவைத் திறந்தபோது தொட்டியில் உயிரோடு எதுவுமே இல்லை. அனிமோன் செத்தால் அது கிடந்த தண்ணீரே நஞ்சாகிவிடும். இதை நான் ஒவ்வொரு வீட்டிலும் முதல் நாளே சொல்லிவிடுவேன். ரொக்ஸ்பரோவில் வதனியின் வீட்டிலும் சொன்னேன். அப்படிச் சொல்லிவைத்தது பிறகு ஒரு நாள் எனக்கு உதவியது. எப்படி உதவியது என்று வாசித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வதனி மட்டக்களப்புக்காரி. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் எங்களுடையது தேவாலயத்துக்குப் போகிற குடும்பம். அவளுக்குப் புற்றுநோய். மாடிப்படி ஏற முடியாமல் போனதும் கணவர் சிவபாலன் கட்டிலை வரவேற்பறைக்குக் கொண்டுவந்து போட்டார். கூரையையே பார்த்துக்கொண்டு கிடக்க முடியாது, கண்ணுக்கு முன்னால் உயிரோடு ஏதாவது அசைய வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள். சிவபாலன் பொறியியலாளர். நான் வாயைத் திறக்கும் முன்பே தொட்டியின் நீள அகலம், கண்ணாடியின் தடிப்பு எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தார். மனைவிக்குச் செய்வதற்கு அவருக்கு அப்போது வேறொன்றும் மிச்சம் இருக்கவில்லை.

புதுத் தொட்டியில் அனிமோன் வாழாது. தொட்டி ஊறிப் பழுக்கப் பல மாதம் வேண்டும். அதை நான் வதனியிடம் மறைக்காமல் சொன்னேன்.

“அக்கா, எனக்கு அவ்வளவு நாள் இருக்குதோ தெரியாது,” என்றாள். “குறுக்கு வழி ஒண்டும் இல்லையோ?”

குறுக்கு வழி இருந்தது. கடையில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிற தொட்டியிலிருந்து பழைய பாறைகளை எடுத்துக்கொண்டு போய் வைத்தால், அந்தப் பக்குவம் புதுத் தண்ணீருக்கும் தொற்றிக்கொள்ளும். முதலாளியோடு சண்டை பிடித்து நல்ல பாறைகளாகத் தெரிந்தெடுத்தேன். அவற்றில் இரண்டில், பழுப்பு நிறத்தில், சட்டைப் பொத்தான்களை நெருக்கித் தைத்ததுபோல ஒரு வகைப் பவளம் படர்ந்திருந்தது. கடையில் அதைப் பொத்தான் என்றுதான் சொல்வோம். நீங்களும் தினமும் பார்க்கிறீர்கள். சும்மா கிடக்கிற பாசி மாதிரித் தெரியும். ஆனால் அந்தப் பொத்தானுக்குள் இருக்கிற நஞ்சு லேசுப்பட்டதில்லை. தண்ணீருக்குள் கிடக்கும்வரை ஒருவருக்கும் கேடில்லை. வெறுங்கையால் தேய்க்கக் கூடாது. சூடு காட்டவே கூடாது. கொதிநீரில் போட்டால் நஞ்சு ஆவியோடு எழும்பி மூச்சுக்குள் போய்விடும்.

இதையெல்லாம் வதனியிடம் திருப்பித் திருப்பிச் சொன்னேன். சிவபாலன் வேலைக்குப் போயிருந்தார். மகள் துளசி சேஜெப் கல்லூரியில் படிக்கிறவள், காதில் எதையோ மாட்டிக்கொண்டு மாடியில் இருந்தாள்.

வதனி சிரித்தாள். “பாறையை அவிச்சு ஆரக்கா குழம்பு வைக்கப்போகினம்?”

நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். நம் தொழிலில் எல்லோரும் செய்கிறதுதான் அது. யாருக்கு ஆசையோ அவருக்குச் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அந்த வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆள், வைத்தியர்கள் நாள் குறித்து வைத்திருந்த ஆள் என்பதை நான் யோசிக்கவில்லை. நீங்கள் யோசியுங்கள்.

அனிமோன் நன்றாகவே பிடித்துக்கொண்டது. கோமாளி மீன் இரண்டும்தான் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வளர்ப்புப் பண்ணையில் பொரித்த மீன்களுக்கு அனிமோன் என்றால் என்னவென்றே தெரியாது. மாதக்கணக்கில் கண்ணாடி மூலையில் நின்றுகொண்டிருக்கும். வதனி அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். இடையிடையே அனிமோன் சுருங்கி ஒரு கத்தரிக்காய் அளவுக்கு வந்துவிடும். உடனே தொலைபேசியில் கூப்பிடுவாள். “பயப்படாதேங்கோ, அது வயித்தைக் கழுவுது, திரும்ப விரியும்,” என்பேன். சில நாட்கள் சிவபாலனே கூப்பிட்டு, அவளுக்குக் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்து, என் வாயால் அதைச் சொல்ல வைப்பார். பனி விழத் தொடங்கிய பிறகு வதனி செத்துப்போனாள். மீன் அனிமோனுக்குள் போனதைப் பார்க்காமலே போனாள்.

செத்த வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது, அடுத்த கிழமை தொட்டி கழுவ வருகிறேன் என்று சொன்னேன். சாவுத் தீட்டைச் சொல்லிச் சிவபாலன் மறித்துவிட்டார்.

“துடக்கு வீடு அக்கா. நீங்கள் இஞ்ச இருந்து மற்ற ஆக்களின்ர வீடுகளுக்கும் போறனீங்கள். முப்பத்தொண்டு கழியட்டும்.”

எனக்குத் துடக்கு இல்லை என்றேன். உங்களுக்கு இல்லை, அவையளுக்கு இருக்குத்தானே என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. சாவீட்டு வாளியோடு வந்தாள் என்று தெரிந்தால் என்னை வாசலிலேயே நிற்பாட்டுகிற வாடிக்கையாளர்கள் எனக்கு இருந்தார்கள். ஆகவே போகவில்லை. நடுவில் ஒரு நாள் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. மீன் இரண்டும் அனிமோனின் நடுவில், பாய் விரித்துப் படுத்ததுபோலக் கிடந்தன. கீழே ஒரு வரி: “இண்டைக்குப் போயிட்டுதுகள்.” அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதேன். இத்தனை வருடத்தில் ஒரு மீனுக்காக அழுதது அன்று மட்டும்தான்.

முப்பத்தோராம் நாள் வந்தது. ரொக்ஸ்பரோப் பக்கத்து வீடுகளை ஒரே நாளில் செய்வது என் வழக்கம். அன்று முற்பகல் சிவபாலனின் வீட்டுக்கு இரண்டு மூன்று தெரு தள்ளி வேறொரு வீட்டில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டார்.

“அக்கா, இண்டையோட துடக்குக் கழிஞ்சிடும். நாளைக்கு ஒருக்கா வாறீங்களோ? அனிமோன் சுருங்கிப்போய்க் கிடக்கு. மீன் ரெண்டும் மூலைக்குள்ள நிக்குது.”

“சுருங்கினா விரியும் எண்டு தெரியும்தானே,” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒருவர் இருமினார். இன்னொருவர் இருமினார். பிறகு ஒரே இருமலாகக் கேட்டது.

“ஆரது இருமுறது?”

“எல்லாருக்கும் தடிமன் போல. மச்சாளுக்குக் குலைப்பன் காய்ச்சல் மாதிரி நடுங்குது, போர்வையால சுத்தி இருத்தி வைச்சிருக்கிறம். விடிய நல்லாத்தான் நிண்டவா. துடக்குக் கழிக்க வந்த ஐயரும் தேத்தண்ணி கசக்குது, தகரத்தைச் சப்பின மாதிரி இருக்கு எண்டுறார்.”

மச்சாள் என்றது வதனியின் மூத்த சகோதரி பரமேஸ் அக்காவை. வதனி செத்ததிலிருந்து அந்த வீட்டில் நின்று சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். குளிர்காலத்தில் சளி, தடிமன் புதிதில்லை. ஆனால் விடிய நன்றாக இருந்த ஒரு வீடு முழுக்க மத்தியானத்துக்குள் விழாது. அந்தத் தகரக் கசப்பு பொத்தான் நஞ்சின் அடையாளம் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன்.

“தொட்டிக்குள்ள ஆரும் கை வைச்சவையோ?”

“மச்சாள்தான். வீடு கழுவேக்க அதுக்குள்ள இருந்த கல்லு ரெண்டை எடுத்துத் துப்பரவாக்கினவா. பங்கசு, பாசி பிடிச்சுக் கிடந்தது.”

“எப்பிடித் துப்பரவாக்கினவா?”

“மஞ்சள் போட்டுக் கிடாரத்தில அவிச்சு, பிரசால தேய்ச்சு...”

துடக்குக் கழிக்கிற நாளில் வீட்டில் உள்ள அத்தனையையும் மஞ்சள் தண்ணீர் பட வைப்பது எங்கள் சனத்தின் வழக்கம். திரைச்சீலை, சட்டி பானை, சாமித் தட்டு. செத்த தங்கச்சி ஆசையாக வைத்திருந்த தொட்டி மட்டும் அழுக்காகக் கிடக்கலாமா என்று அந்த மனுசி நினைத்திருக்கிறார். நிலமெல்லாம் பனி, யன்னலெல்லாம் இறுக்கிப் பூட்டு, குசினியில் கிடாரம் கொதிக்க, அந்த ஆவியில் நின்றுதான் எல்லோரும் வேலை செய்திருக்கிறார்கள்.

“சிவபாலன், நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அடுப்பை நிப்பாட்டிப்போட்டு எல்லாரையும் வெளியில கொண்டு போங்கோ. இப்பவே. அந்தக் கல்லு நஞ்சு.”

“வெளியிலயோ? இந்தக் குளிருக்கையோ? அக்கா, இன்னும் படைக்கேல்லை.”

“பேந்து படைக்கலாம்.”

“பேந்து எண்டு ஒண்டு இல்லை. இண்டைக்குத்தான் முப்பத்தொண்டு.”

அவரோடு வாதாடிக்கொண்டிருந்தால் ஆட்கள் செத்துவிடுவார்கள் என்று பட்டது. துளசியிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன். அவளிடம் பிரெஞ்சில் பேசினேன். தமிழில் சொன்னால் அப்பாவின் முகத்தையும் ஐயரின் முகத்தையும் பார்த்துத் தயங்குவாள். பிரெஞ்சில் சொன்னால் பள்ளிக்கூடத்தில் தீ ஒத்திகைக்கு எழும்புகிற மாதிரி எழும்புவாள் என்று நினைத்தேன். அப்படியே நடந்தது. அவள் கத்திக் கத்தி ஆட்களை எழுப்புவதைக் கேட்டுக்கொண்டே நான் வாகனத்தில் ஏறினேன். அவசர இலக்கத்துக்கு அடித்தேன். “பவளமா, மதாம்?” என்று அந்தப் பெண் இரண்டாம் தரமும் கேட்டாள். பவளம்தான், நச்சு ஆவி, வீடு நிறைய ஆட்கள் என்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்புலன்ஸ் வரவில்லை. வாசலில் காருக்கு மேல் குளிர்காலத்துக்குப் போடுகிற டெம்போக் கூடாரத்துக்குள் எல்லோரும் ஒடுங்கி நின்றார்கள். ஐயர் வேட்டிக்கு மேல் யாரோ ஒருவருடைய பெரிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடுங்கினார். முன்வீட்டுக் கியூபெக் மனுசி போர்வைகளோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். பரமேஸ் அக்காவைக் கதிரையோடு தூக்கி வந்து இருத்தியிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இழுக்கிற சத்தம் கூடாரத்துக்கு வெளியிலும் கேட்டது.

துளசி என் கையைப் பிடித்தாள். “அப்பா திரும்ப உள்ளுக்குப் போயிட்டார். அம்மான்ர மீனை எடுக்கப் போயிட்டார். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்.”

அவளுடைய ஜாக்கெட்டை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னை இழுத்துக்கொண்டு படிக்கட்டுவரை போய்விட்டாள். என் வாகனத்தில் தூசிக்குப் போடுகிற கடதாசி முகமூடிதான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போவதும் ஒன்று, போடாமல் போவதும் ஒன்று. அப்பா வெளியே வராவிட்டால் இந்தப் பிள்ளை என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடிவிடும். எனக்கு இருந்தது என் வாய் மட்டும்தான். வாசலில் நின்று கத்தினேன்.

“சிவபாலன், வெளியில வாங்கோ.”

“ரெண்டு நிமிசம் அக்கா. வாளியும் வலையும் எடுத்திட்டன்.”

“மீன் தப்பாது. விட்டிட்டு வாங்கோ.”

“நல்லா நீந்துது அக்கா.”

“அனிமோன் செத்திட்டுது. தண்ணி முழுக்க நஞ்சு. அதுகளை எடுத்தாலும் சாகும், விட்டாலும் சாகும்.”

பிறகு அவருடைய குரல் வந்தது. “நீங்கள்தானே சொல்லுறனீங்கள், சுருங்கினாப் பயப்பட வேண்டாமெண்டு.”

“இது சுருங்கினதில்லை. இது செத்தது. நான் எத்தினை அனிமோன் பார்த்தனான்? என்னை நம்பேல்லையோ?”

அனிமோனை நான் கண்ணால்கூடக் காணவில்லை. அது செத்திருக்க நியாயமே இல்லை. ஒரு வாளித் தண்ணீரோடு தூக்கி வந்திருந்தால் அந்த மீன்கள் இரண்டும் தப்பியிருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு சிவபாலன் வெறுங்கையோடு வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, இருமத் தொடங்கினார். அதன் பிறகுதான் சைரன் கேட்டது.

ஆஸ்பத்திரியில் குளிர்காலக் காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நடைபாதை நிறைய அதே இருமல்தான். நான் தாதியின் மேசையை விட்டு நகராமல் நின்று, நஞ்சின் பெயரைச் சொல்லி, நஞ்சு பற்றித் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மரியாதையாகத் தொல்லை கொடுக்கப் பழகிக்கொள்ளுங்கள், இந்தத் தொழிலில் அது உதவும். மற்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். ஆவிக்கு நேர் மேலே நின்றவர் பரமேஸ் அக்கா. அவரைத் தீவிர சிகிச்சையில் மயக்கி, குழாய் போட்டு வைத்திருந்தார்கள்.

வீட்டை மூடி, சூடாக்கியை நிற்பாட்டி, யன்னல்களையெல்லாம் திறந்து விட்டிருந்தார்கள். பனிக்காலத்தில் அப்படித் திறந்து விட்ட வீட்டில் ஒரு வெப்பக் கடல் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துப்பரவு செய்கிற நிறுவனம் வேலையை முடித்த பிறகு, தொட்டியைக் கழற்ற நான் போனேன். சிவபாலன் பக்கத்தில் நின்றார். மீன் இரண்டும் அனிமோன் கரைந்து கிடந்த இடத்திலேயே கிடந்தன. நான் குழாயைப் போட்டுத் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

“அண்டைக்கு அது உண்மையாச் செத்தே கிடந்தது?”

இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “இல்லை,” என்றேன். “மீனும் தப்பியிருக்கும்.”

அவர் தலையாட்டினார். “நீங்கள் கூப்பிடேக்க ரெண்டையும் பிடிச்சு வாளிக்க விட்டிட்டன். தப்பாது எண்டு சொன்னீங்கள். செத்தா அதோடயே சாகட்டும் எண்டு நான்தான் திரும்ப ஊத்தினனான்.”

நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், அந்த மீன்களையும் அவருடைய உயிரையும் ஒரே தராசில் வைத்து நான் விலை பேசுகிற மாதிரி இருந்திருக்கும். இன்றைக்கும் அந்த வாசலில் நிற்க நேர்ந்தால் அதே பொய்யைத்தான் சொல்வேன். ஆனால் உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும்: உங்கள் சொல்லை ஒருவர் நம்புவார். நம்பி, கையில் இருப்பதை ஊற்றிவிடுவார்.

“ஒரு உதவி செய்யுங்கோ,” என்றார் சிவபாலன். “மச்சாளுக்கு நியூமோனியா எண்டுதான் சொல்லியிருக்கிறம். கல்லை அவிச்சதாலதான் இவ்வளவும் எண்டு தெரியாது. மீனைக் கேட்டவா. நான் கவனியாமல் விட்டு, பட்டினியில செத்ததெண்டு சொல்லிப்போட்டன். உங்களிட்டக் கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்கோ.”

அதன் பிறகு நான் எந்த வீட்டிலும் ஒரே ஆளுக்குச் சொல்லிவிட்டு வந்ததில்லை. சமைக்கிறவர், கழுவுகிறவர், விருந்துக்கு வந்து தங்குகிறவர் என்று எல்லோரையும் தொட்டிக்கு முன்னால் கூப்பிட்டு நிற்பாட்டிச் சொல்வேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சாவு விழுந்த வீட்டுக்கும் போனேன், துடக்கு என்று மறித்தால் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். வாடிக்கையாளர்கள் சிலர் என்னை விட்டுவிட்டார்கள். பொத்தான் படர்ந்த பாறையை அனிமோன் கேட்டு வருகிறவர்களுக்கு நான் பிறகு கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.

பரமேஸ் அக்கா பிழைத்தார். ஆனால் நெஞ்சு தேறவே இல்லை. மூக்கில் ஒட்சிசன் குழாயோடுதான் கடைசிவரை இருந்தார். போன வருடம் காலமாகிவிட்டார். அதனால்தான் இதை என்னால் எழுத முடிகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாளில் ஒரு முறை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார்.

“நான்தான் அந்தக் கல்லையெல்லாம் கழுவிப் பளிச்செண்டு ஆக்கி வைச்சனான். மறுகா எனக்குச் சுகமில்லாமல் போயிட்டுது,” என்றார். “அந்த மனுசன் மீனைப் பட்டினி போட்டுச் சாகடிச்சுப்போட்டாராமே. என்ர தங்கச்சி பார்த்துப் பார்த்து வைச்சிருந்தது. உண்மையோ?”

மறுமுனையில் அந்த மூச்சு மட்டும் இழுபட்டுக்கொண்டிருந்தது.

“ஓம் அக்கா,” என்றேன். “அவர் கவனமில்லாத மனுசன்தான்.”